பாலத்தில் பாதி வழியில் சிவப்பு ஆயில் விளக்கு, இப்போது எஞ்சின் காலி. தப்பு யாருடையது?

பட்டர்வொர்த்_பையன்:

வணக்கம் எல்லாருக்கும். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் காடி (கார்) 2012 பெரோடுவா மைவி 1.3 ஆட்டோ, 168,000 கிலோமீட்டர் ஓடியது, இதுவரை பெரிதாக ஒரு வம்பும் செய்ததில்லை.

போன சனிக்கிழமை ஒரு பட்டறையில் மினியாக் ஹீத்தாமும் (எஞ்சின் எண்ணெய்) ஃபில்டரும் மாற்றினேன். வழக்கமாகப் போகும் இடம் இல்லை, அங்கே அன்று கூட்டம். இவர்கள் இருபதே நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார்கள், நானும் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் ஒன்றும் இல்லை. புதன் காலை ஏழு மணிக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து கிளம்பி, பினாங்குப் பாலத்தில் ஏறி நடுவில் அந்த உயரமான இடத்தைத் தாண்டும்போது எண்ணெய்க் குவளை மாதிரிப் படம் இருக்குமே, அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. மினுக் மினுக்கென்று இல்லை, ஒரேயடியாக எரிந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார். நான் மெதுவாகப் போகிறேன் என்று எரிச்சலில் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு என்ன தோன்றியது என்றால், பாலத்தில் நிறுத்தினால் எவனாவது வந்து மோதுவான், எப்படியாவது அக்கரையில் இருக்கிற பிறை வரைக்கும் போய்விடுவோம், அங்கே எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று. 80-இல் போய்க்கொண்டிருந்தேன். ஐந்து கிலோமீட்டர் போயிருப்பேன், முதலில் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் என்று சத்தம், அப்புறம் யாரோ உள்ளே சுத்தியலால் தட்டுவது மாதிரி டொக் டொக், பாலம் இறங்கும் இடத்தில் தானாகவே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்கிறது, அவ்வளவுதான், சுற்றவே மாட்டேன் என்கிறது. இறங்கிப் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடி முழுவதும் எண்ணெய்.

இழுத்துக்கொண்டு போய் வேறொரு போர்மனிடம் (மெக்கானிக்) போட்டேன். இதையே பிரித்துச் சரிசெய்கிற ஓவர்ஹால் என்றால் 4,500 வெள்ளி (ரிங்கிட்), வெட்டி இறக்குமதி செய்த பழைய காடியிலிருந்து எடுத்த ஹாப்கட் எஞ்சின் மாற்றினால் 3,200 வெள்ளி என்கிறார். எண்ணெய் மாற்றிய பட்டறைக்காரரிடம் கேட்டால், 'விளக்கு எரிந்தும் ஓட்டியது நீ, எங்களுக்கு என்ன சம்பந்தம்' என்று போனை வைத்துவிட்டார். இன்சூரன்ஸில் கேட்கலாமா? ஓவர்ஹாலா, ஹாப்கட்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்_ஸ்பேனர்:

தம்பி, முதல் வேலை, அந்த போர்மனுக்கு இப்போதே போன் போட்டு எதையும் கழற்ற வேண்டாம் என்று சொல். குறிப்பாக அந்த ஆயில் ஃபில்டரில் கை வைக்க வேண்டாம். மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் இது இரட்டை வளையம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சூட்டில் ஒட்டிப்போய் எஞ்சின் பக்கமே தங்கிவிடும். அவசரக்காரன் அதைத் துடைத்துப் பார்க்காமல் புது ஃபில்டரை அதன் வளையத்தோடு மேலேயே முறுக்கிவிடுவான். ரப்பர் மேல் ரப்பர். அன்றைக்கு ஒரு சொட்டுகூட ஒழுகாது, பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், அதுதான் இதில் உள்ள கொடுமை. நாலு நாள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒரு நாள் அழுத்தம் கூடும் நேரத்தில் பழைய வளையம் பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்துவிடும். இரவு முழுக்க நின்ற காடி, எண்ணெய் இன்னும் முழுதாகச் சூடேறாமல் கெட்டியாக இருக்கிறது, நீ பாலத்து ஏற்றத்தில் மிதிக்கிறாய், அழுத்தம் உச்சத்துக்குப் போகும் நேரம் அதுதான். பிய்த்துக்கொண்டால் சம்ப்பில், அதாவது எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியில் இருக்கிற மூன்று லிட்டர் சொச்சத்தையும் பம்பே ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷத்தில் ரோட்டில் கொட்டிவிடும். பின்கண்ணாடியில் நீ பார்த்தது அதைத்தான். லாரிக்காரர் எரிச்சலில் லைட் போட்டிருக்க மாட்டார், பாவம்.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உன்னைப் போலத்தான் நினைக்கிறார்கள். பெட்ரோல் விளக்கு மாதிரி, எண்ணெய் குறைகிறது, எங்காவது பார்த்து ஊற்று என்று அது சொல்கிறது என நினைப்பு. அந்த விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது அழுத்தம் ஒன்றுதான். நல்ல எஞ்சின் ஹைவேயில் ஓடும்போது மூன்று, நான்கு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் இருக்கும். விளக்கு எரிய அது அரை பாருக்கும் கீழே விழவேண்டும். அப்படியென்றால் ஓடுகிற காடியில் விளக்கு எரிகிறபோது மிச்சம் ஒன்றுமே இல்லை.

உள்ளே கிராங்க் ஷாப்ட், அதாவது எஞ்சினின் சுழல் தண்டு, பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. இடையில் தலைமுடி அளவுகூட இல்லாத ஓர் இடைவெளி, அதில் எண்ணெய் படலமாக நிற்கும், கிராங்க் அதன் மேல் மிதந்துகொண்டு சுற்றும். எண்ணெய் போனால் இரும்பு அந்த மெல்லிய பேரிங் தகட்டின் மேல் நேராக உட்காரும். நீ ஓட்டியது ஏறக்குறைய நாலு நிமிஷம், நிமிஷத்துக்கு 2,500 சுற்று என்று வை, பத்தாயிரம் சுற்று. தகடு உருகி, வழித்துக்கொண்டு போய், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு ஆட ஆரம்பித்ததுதான் அந்த டொக் டொக். அதற்கு முன்னால் வந்த தையல் மெஷின் சத்தம் மேலே வால்வு, செயின் பக்கம். அதுதான் கடைசி எச்சரிக்கை, அப்போது அணைத்திருந்தால்கூட ஒருவேளை பேரிங் செலவோடு முடிந்திருக்கும்.

காடிக்குக் கீழே போய் ஃபில்டரை நான்கு பக்கமும் போட்டோ எடு, வீடியோவாகவே எடு, தேதி தெரியட்டும். ஃபில்டரைக் கழற்றும்போது நீ பக்கத்தில் இரு. முடிந்தால் அந்தப் பட்டறைக்காரரையும் வரச்சொல்.

பட்டர்வொர்த்_பையன்:

அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே. இன்று மதியம் போய்ப் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தேன். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் நாக்கு மாதிரி ஒரு பக்கம் பிதுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றினால் இரண்டு வளையம். ஒன்று புதிது, மெத்தென்று இருக்கிறது, இன்னொன்று கறுத்துக் கெட்டியாகி பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டது. போர்மன் 'அலாமாக்' என்று தலையில் கை வைத்தார். இரண்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன், வரமுடியாது என்றார்.

நேர்பட_பேசு:

மன்னிக்கவும், யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், நான் சொல்கிறேன். பட்டறைக்காரன் செய்தது தப்பு, சரி. ஆனால் எஞ்சினைக் கொன்றது நீங்கள். சிவப்பு என்றால் நில் என்று அர்த்தம், டிராபிக் லைட்டிலும் அதுதான். விளக்கு எரிந்த பத்தாவது வினாடியில் அணைத்திருந்தால் ஒரு ஃபில்டர், ஒரு டின் எண்ணெய், டோவிங் செலவு, இவ்வளவோடு முடிந்திருக்கும். 'பாலத்தில் எப்படி நிறுத்துவது' என்பது எல்லாம் சாக்கு.

ஜெலுத்தோங்_ஸ்பேனர்:

நேர்பட பேசுகிறவரே, நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் காலை ஏழு மணிக்கு அந்தப் பாலத்தில் நட்ட நடுவில் நின்று பார்த்தால்தான் அந்தப் பயம் தெரியும். நானும் நின்றிருக்கிறேன், டயர் வெடித்து. லாரி ஒவ்வொன்று போகும்போதும் பாலமே ஆடும்.

இருந்தாலும் அடுத்த ஆளுக்காகச் சொல்கிறேன். டபுள் சிக்னல் (இரண்டு பக்கமும் மினுக்கும் அபாய விளக்கு) போடு, மிதிக்கிறதை விடு, கியரை நியூட்ரலில் தள்ளு, இடது ஓரத்துக்கு வந்துகொண்டே இரு. எஞ்சினை ஓடும்போதே அணைக்காதே, ஸ்டியரிங் கனத்துப் போகும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்கு மேல் உதவாது. ஓரத்தில் நின்றவுடன் அணை. காடிக்குள் உட்கார்ந்திருக்காமல் இடது கதவு வழியாக இறங்கி முன்னால் தள்ளி நில். பாலமும் பிளஸ் நெடுஞ்சாலை நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது, ரோந்து வண்டி வரும், கூம்பு வைத்துப் பாதுகாப்பாக இழுத்து வெளியே விடுவார்கள். நியூட்ரலில் ஐடிலில் உருண்டு வருகிற அரை நிமிஷத்துக்கு எஞ்சின் பெரும்பாலும் தாங்கிவிடும், சுமையே இல்லாததால். 80-இல் மிதித்துக்கொண்டு நாலு நிமிஷம் என்றால் எந்த நாட்டு எஞ்சினும் தாங்காது.

கெப்போங்_குமார்:

கேஎல்-இலிருந்து (கோலாலம்பூர்). தம்பிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று என் முட்டாள்தனத்தையும் சொல்லிவைக்கிறேன், உங்களுக்காவது நாலு நிமிஷம்தான், எனக்கு ஆறு மாதம் அவகாசம் இருந்தது.

பழைய காடி ஒன்று வாங்கினேன், எது என்று வேண்டாம். காலையில் ஒன்றும் இருக்காது. ஜாலான் ஈப்போ ஜாமில் ஒரு மணி நேரம் ஊர்ந்து, எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு டிராபிக் லைட்டில் நிற்கும்போது மட்டும் அந்தச் சிவப்பு விளக்கு லேசாகக் கண் சிமிட்டும், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் போய்விடும். ஒருவர் அந்த விளக்கை எரியவைக்கிற ஆயில் சுவிட்சு கெட்டது என்று மாற்றினார். போகவில்லை. இன்னொருவர் இன்னொரு சுவிட்சு போட்டார். கடைசியில் ஒரு நண்பன், 'அட, எண்ணெய் தண்ணியாக இருக்கிறது, கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்று' என்றான். ஊற்றினேன், விளக்கு அணைந்தே போனது. அவனுக்கு பனானா லீஃப் சாப்பாடுகூட வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துக் குடும்பத்தோடு பெந்தோங் போகக் காராக் ஹைவேயில், கெந்திங் செம்பா சுரங்கத்துக்கு முன்னால் இருக்கும் அந்த நீண்ட ஏற்றத்தில் ராடு உடைந்து எஞ்சின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டது. புகை, பின்னால் பிள்ளைகள் அழுகை, மாமியார் பிரார்த்தனை, எல்லாம் நடந்தது. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அளவு சரியாகத்தான் இருந்தது!

பிரித்துப் பார்த்தபோது சம்ப்பில் அடியில் தார் மாதிரி கறுப்புச் சேறு, எண்ணெயை உறிஞ்சும் ஸ்டிரெய்னர் வலையில் முக்கால் பங்கு அடைத்திருந்தது. எண்ணெய் இருக்கிறது, ஆனால் பம்புக்குக் குடிக்க வழியில்லை. அந்த வலையில் சிலிக்கன் பசைத் துண்டுகள் வேறு சிக்கியிருந்தன, முன்னால் யாரோ சம்ப்பைத் திறந்து தாராளமாகப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள், உள்ளே பிதுங்கியது உதிர்ந்து போய் வலையில் சேர்ந்துவிட்டது. கெட்டி எண்ணெய் ஊற்றி நான் அழுத்தத்தைச் சரிசெய்யவில்லை, விளக்கின் வாயைத்தான் அடைத்தேன்.

அப்போது ஒரு பெரியவர் சொன்ன கணக்கு இன்னும் மறக்கவில்லை. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்று என்று எழுதியிருக்கும். ஹைவேயில் 80-இல் ஓடினால் அது 125 மணி நேரம். நம் ஊர் ஜாமில் சராசரி 20-இல் ஊர்ந்தால் அதே 10,000 என்பது 500 மணி நேரம். மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது, எண்ணெய்க்குத் தெரியும். அதிலிருந்து நான் 5,000 தாண்டுவதில்லை. விளக்கு சிமிட்டினால் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அழுத்தமானியை மாட்டி அளக்கச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை. எனக்கு ஆறு மாதத்தில் ஒருத்தரும் அதைச் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை.

பட்டர்வொர்த்_பையன்:

குமார் அண்ணே, மாமியார் பிரார்த்தனை என்ற இடத்தில் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன், நன்றி. நேர்பட பேசு, நீங்கள் சொன்னது வலித்தது, ஆனால் பொய் இல்லை. சரி, ஓவர்ஹாலா ஹாப்கட்டா, யாராவது அதைச் சொல்லுங்கள், போர்மன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஜெலுத்தோங்_ஸ்பேனர்:

4,500-இல் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்கு. பெரும்பாலும் கீழ்ப்பகுதி மட்டும்தான் கணக்குப் போட்டிருப்பார்கள், கிராங்கைக் கடைந்து அடுத்த சைஸ் பேரிங் போடுவது, ரிங், கேஸ்கெட் செட். ஆனால் மேலே சிலிண்டர் ஹெட்டில், வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாப்ட் உட்காரும் இடத்தில் தனியாகப் பேரிங் கிடையாது, நேராக அலுமினியத்திலேயே சுற்றுகிறது. எண்ணெய் இல்லாமல் ஓடினால் அந்த அலுமினியம் உரிந்திருக்கும், உரிந்தால் ஹெட்டும் போச்சு, 4,500 என்பது 6,000-க்கு மேல் போகும். அதோடு உருகின தகட்டின் பொடி எண்ணெய் போகிற வழியெல்லாம் ஒளிந்திருக்கும். பிளாக்கை முழுதாகக் கழுவி ஒவ்வொரு துளையாக ஊதிச் சுத்தம் செய்யாமல் பூட்டினால், புதுப் பேரிங்கையும் அதுவே தின்றுவிடும்.

இந்தக் காடிக்கு ஹாப்கட்தான் என் ஓட்டு. உன் எஞ்சின் கே3, ஜப்பானிலிருந்து டொயோட்டா பாஸோ, டைஹாட்சு பூன் காடிகளின் ஹாப்கட் எஞ்சினாக வந்து கிடைக்கும். ஆனால் எடுத்து அப்படியே மாட்டச் சொல்லாதே. சம்ப்பைத் திறந்து சேறு இருக்கிறதா என்று பார், ஸ்டிரெய்னரைக் கழுவு, கியர் பெட்டி கழன்று இருக்கும்போதே பின் ஆயில் சீலை மாற்று, வாட்டர் பம்பையும் பார்த்துக்கொள். பழைய எஞ்சினிலிருந்து ஆயில் சம்பந்தப்பட்ட எதையும் புதியதற்கு மாற்றவிடாதே, அந்தப் பொடி அதில்தான் இருக்கும்.

எஞ்சின் நம்பர் மாறுகிறது, ஞாபகம் இருக்கட்டும். விற்ற இடத்திலிருந்து ரசீது, கஸ்டம்ஸ் தாள் வாங்கு, காடியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) கிராண்டில், அதாவது காடியின் உரிமைப் பத்திரத்தில் நம்பரை மாற்று, இன்சூரன்ஸுக்கும் சொல். பேங்க் லோன் மிச்சம் இருந்தால் அவர்களுடைய கடிதமும் வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டினால் விற்கும்போது அழுவாய்.

சுங்கை_பாக்காப்_அக்கா:

இன்சூரன்ஸைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. கிடைக்காது தம்பி. முழு இன்சூரன்ஸ் என்றாலும் விபத்து, தீ, திருட்டு இவைதான், எந்திரக் கோளாறு பாலிசியிலேயே விலக்கி வைத்திருக்கிறது. அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

பட்டறை விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்க முடியாது, அதனால் பட்டறைக்காரரும் வக்கீலோடு வந்து மிரட்ட முடியாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை செய்கிறவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்று இருக்கிறது. இரண்டு வளையம் வைத்து முறுக்குவது எந்த ஊர்க் கவனம்? சம்பவம் நடந்து மூன்று வருஷத்துக்குள் மனுப் போடவேண்டும், ஆனால் அவ்வளவு நாள் வைத்திருக்காதீர்கள், சாட்சி ஆறிப்போகும்.

நான் இதில் போயிருக்கிறேன், காடி இல்லை, ஏர்கான். மனுப் போடுவதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதினேன், என்ன நடந்தது, எவ்வளவு செலவு, 14 நாளில் பதில் சொல்லுங்கள் என்று, ரெஜிஸ்டர் தபாலில். பாதி வேலை அந்தக் கடிதத்திலேயே முடிந்தது. உங்களிடம் எண்ணெய் மாற்றிய ரசீது இருக்கிறதா? அதுதான் முக்கியம். இழுத்துப் போன போர்மனிடம் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத வராவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள்.

நேர்பட பேசு சொன்ன அதே விஷயத்தைப் பட்டறைக்காரரும் அங்கே சொல்லுவார், தயாராகப் போங்கள். விளக்கு எரிந்தும் ஓட்டினாய் என்பார். முழுத்தொகையும் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். அதற்காகப் பொய் சொல்லாதீர்கள், விளக்கு எரியவே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இந்த இணையத் திரியையே அவர் காட்டக்கூடும்!

பட்டர்வொர்த்_பையன்:

அக்கா, ரசீது இருந்தது, கிளவ் பாக்ஸில் டோல் ரசீதுகளோடு கசங்கிக் கிடந்தது. கடிதம் எழுதி, வளையங்களின் போட்டோவையும் போர்மனின் இரண்டு வரியையும் வைத்து அனுப்பினேன். ஆறாவது நாள் பட்டறைக்காரரே போன் செய்தார், குரல் முன்பு மாதிரி இல்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் செய்தது என்றார். பேசிப் பேசி ஹாப்கட்டுக்கு ஆகும் 3,200-இல் 2,000 அவர், மிச்சம் நான் என்று முடிந்தது. எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். நான் ஓட்டிய அந்த ஐந்து கிலோமீட்டருக்கு 1,200 வெள்ளி, டோலைவிட அதிகம்தான். எஞ்சின் நாளை மாட்டுகிறார்கள். அதுவரைக்கும் மச்சானின் மோட்டார் சைக்கிளில்தான் பாலத்தைக் கடக்கிறேன், நேற்று மழையில் முழுக்க நனைந்தேன்.

ஜெலுத்தோங்_ஸ்பேனர்:

நல்லது தம்பி, 2,000 கிடைத்ததே பெரிது. நாளை முதல் ஸ்டார்ட்டின்போது நீ அங்கே இரு. பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காதபடி பத்துப் பத்து வினாடியாக விட்டுவிட்டுச் சுற்றச் சொல், அந்தச் சிவப்பு விளக்கு அணையும் வரைக்கும். அணைந்த பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யட்டும். இன்னொன்று, ஃபில்டரை மாட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தை நீயே ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிடு.

பட்டர்வொர்த்_பையன்:

தடவிப் பார்த்தேன் அண்ணே. ஒரு வளையம்தான்.